வந்து சேர்ந்த நேரம்

என் அக்காவின் கணவரை எனக்குப் பிடிக்காது. செத்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்பார்கள். அவர் உயிரோடு இருந்தபோதும் இதையேதான் சொன்னேன்.

மாமா அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் டைம் கீப்பர். வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் நாற்காலி, வருகைப் பதிவேடு, சட்டைப்பையில் சிவப்புப் பேனா. இவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம். ஏழு மணிக்குச் சங்கு. ஒரு நிமிடம் பிந்தினாலும் பெயருக்கு எதிரே சிவப்பு மை. பிள்ளைக்கு வலிப்பு வந்தது என்று ஒருவன் அழுதபோதும் சிவப்பு மைதான். தொழிலாளிகள் அவருக்கு ‘நிமிஷம்’ என்று பெயர் வைத்தார்கள். அதைக் கேட்டுப் பூரித்துப்போன ஜன்மம் அவர். பதிவேட்டை வேறு யாரும் தொடக்கூடாது. வீட்டுக்கு வரும்போதும் அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் வருவார்.

கொரோனா வந்ததும் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியையும் அவர் கையில் கொடுத்தார்கள். கேட்கவா வேண்டும்! எல்லார் நெற்றியையும் குறிபார்த்தார், தன் நெற்றியைத் தவிர. ஐந்து நாளாக அவருக்கே காய்ச்சல். வயது ஐம்பத்தெட்டு, சர்க்கரை உண்டு, இரத்தக்கொதிப்பும் உண்டு. லீவு போட்டால் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்துவிடுவானாம்.

நான் ஆஸ்பத்திரியில் பக்கவாத வார்டு எழுத்தர். கொரோனாவும் பக்கவாதமும் சேர்ந்து வந்தவர்களில் யார் சாகிறார்கள், ஏன் சாகிறார்கள் என்று பார்க்க எங்கள் டாக்டரம்மா ஒரு படிவம் போட்டிருந்தார். வயது, சர்க்கரை, கொதிப்பு, ஆக்சிஜன், சிறுநீரகம், கை கால் விழுந்த நேரம், வந்து சேர்ந்த நேரம், தாமதம். அதை நிரப்புவது என் வேலை.

அன்று மதியம் ஒரு மணிக்கு அக்கா அவரைத் தொழிற்சாலையிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்தாள். வாய் கோணியிருந்தது. வலது கை தொங்கியது. இடது அக்குளில் மட்டும் பதிவேடு பத்திரமாக இருந்தது!

“எப்ப ஆரம்பிச்சுது?” என்றார் டாக்டரம்மா.

“பன்னண்டு மணிக்கு” என்றாள் அக்கா. மாமா தலையாட்டினார். காலையிலேயே என்று சொன்னால், மதியம்வரை ஏன் கூண்டில் உட்கார்ந்திருந்தாய் என்று கேட்பார்கள். கௌரவம் என்ன ஆவது!

டாக்டரம்மா ஊசிக்குச் சொல்லிவிட்டார். மூளையில் உள்ள அடைப்பைக் கரைக்கும் ஊசி. நாலரை மணி நேரத்துக்குள் போட்டால் பிழைக்க வழியுண்டு. நேரம் கடந்து போட்டால் மூளைக்குள் இரத்தம் கசிந்து ஆளையே கொன்றுவிடலாம்.

எனக்கு அவரைத் தெரியும். பதிவேட்டைப் பிடுங்கினேன். மனிதர் விட்டால்தானே! இழுத்துப் பிரித்தேன். ஆறே முக்கால் வரை அச்சடித்த மாதிரி எழுத்து. ஆறு ஐம்பதுக்கு வந்தவன் பெயர் கோட்டை விட்டுச் சரிந்திருந்தது. அதற்குக் கீழே எல்லாம் கோழிக் கிறுக்கல். ஏழு இரண்டுக்கு வந்தவனுக்குச் சிவப்பு மை மட்டும் தவறாமல் விழுந்திருந்தது. தன் கை விழுந்துகொண்டிருக்கும்போதும் அடுத்தவனுடைய இரண்டு நிமிடத்தை விடாத மனிதர்.

“டாக்டர், ஊசி வேணாம். ஆறு அம்பதுக்கே ஆரம்பிச்சிருக்கு. பாருங்க.”

டாக்டரம்மா பதிவேட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். ஊசியைத் திருப்பி அனுப்பினார்.

ஊசியால் சாகாமல் காப்பாற்றினேன், அவ்வளவுதான். நுரையீரலைக் கொரோனா முன்பே தின்றுவிட்டிருந்தது. ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போய், ஒன்பதாம் நாள் மாமா போய்விட்டார்.

வார்டுக்கு வெளியே அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “ஏழு மணிக்கே போன் பண்ணினாருடா. கை மரத்துப்போச்சுன்னாரு. ஷிஃப்ட் முடியட்டும்னாரு. நானும் சரின்னு வச்சிட்டேன்.”

காய்ச்சல் வந்த முதல் நாளே அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். அந்த மனிதரோடு யார் மல்லுக்கட்டுவது என்று, ஓர் அட்டை பாராசிட்டமாலைக் கொடுத்தனுப்பியவன் நான்தான். அதை விழுங்கிவிட்டுத்தான் அவர் தினமும் கூண்டில் போய் உட்கார்ந்தார்.

படிவத்தை எடுத்தேன். ‘தாமதம்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. மாமாவின் சட்டைப்பையிலிருந்து நர்ஸ் எடுத்து என்னிடம் தந்திருந்த சிவப்புப் பேனாவால், ஆறு மணி பத்து நிமிடம் என்று எழுதினேன்.

பிறகு அதை அடித்துவிட்டு, ஐந்து நாள் என்று எழுதினேன்.