முன்னால் ஓடியவர்

நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஓட்டம் முடிந்தது என்று எல்லோரும் கிளம்பிய பிறகு, கடைசியாக ஒருவன் தள்ளாடியபடி வந்துகொண்டிருந்தான். அவனுக்காக நின்றது அவன் அக்கா மட்டும்தான். அப்போது யாரோ ஒருவர், கீழே கிடந்த எல்லைக்கோட்டு நாடாவை எடுத்து, ஒரு முனையைக் கம்பத்தில் கட்டி, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டார். அவன் நெஞ்சால் அதைத் தள்ளிக்கொண்டு போனதும், நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

அந்த மனுஷனைத்தான் அவள் பிற்பாடு கட்டிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்ப்பது அவர் பிழைப்பு. ஓட்டத்தில் அவர் வேலை வேறு. ஜெயிக்க வேண்டியவன் பார்த்து வேகம் பிடிக்கட்டும் என்று அவனுக்கு முன்னால், சொன்ன வேகம் கூடாமல் குறையாமல் ஓடுவார். பாதி தாண்டியதும் ஒதுங்கிவிடுவார். மைதானத்தில் அவருக்கு இஞ்சின் என்று பெயர்.

"ஊர் போய்ச் சேராத இஞ்சின்" என்று அவள் தம்பி கேலி செய்வான்.

"பெட்டி போய்ச் சேர்ந்தா போதும் மாப்ள" என்பார்.

கடைசியாக வந்த அந்தத் தம்பி சில வருஷத்தில் நன்றாகத் தேறினான்; அவனுக்காக அவர் ஓட வேண்டிய நாளும் வந்தது. குறித்த நேரத்துக்குள் ஓடினால் நாட்டு அணியில் இடம். தவறினால் வயது தாண்டிவிடும். ஓடும்போது அவர் தலையைத் திருப்பவே மாட்டார். பின்னால் வரும் காலடியைக் காதால் கேட்டே வேகத்தைப் பிடிப்பார். தம்பியின் இடது கால் லேசாகத் தேயும் சத்தம் அவருக்கு அத்துப்படி. அன்று பார்த்து மழை. தடமெல்லாம் தண்ணீர். எல்லார் காலும் ஒரே மாதிரி சளக் சளக் என்றன.

நடுவழியில் தம்பிக்கு விலாவில் பிடித்துக்கொண்டது. பின்தங்கினான். வேறொருவன் வந்து அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டான். மேலே பார்வையாளர் படியில் உட்கார்ந்திருந்த அவளுக்கு எல்லாம் தெரிந்தது.

"என்னங்க, அது அவன் இல்லைங்க, கொஞ்சம் மெதுவா" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கூட்டத்தின் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஆண்டவனே, அந்தக் கழுத்தை ஒரே ஒரு தடவை திருப்பிவிடு என்று வேண்டினாள். கழுத்து திரும்பவில்லை. முன்பின் தெரியாத ஒருவனை அவர் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

ஒதுங்க வேண்டிய இடத்தில் ஒதுங்கி, சிரித்தபடி திரும்பினார். வேற்று முகம் கடந்து போனது. ஒதுங்கியவர் மறுபடி தடத்தில் கால் வைக்கக் கூடாது, அது விதி. அரைச் சுற்றுக்குப் பின்னால் தம்பி வாயைப் பிளந்துகொண்டு வந்தான். அவர் புல்லில் நின்று, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இடுப்பிலும் தலையிலும் மாற்றி மாற்றி வைத்தார். அவளும் மேலே அப்படித்தான் நின்றாள்.

"மாமா மேல என்னக்கா தப்பு? வலிச்சது எனக்கு" என்றான் தம்பி, வீட்டுக்கு வந்ததும்.

"காது ஏமாத்திடுச்சு மாப்ள" என்றார் அவர். தட்டில் போட்டது போட்டபடி இருந்தது.

அணியில் இடம் கிடைக்காத தம்பி தூர தேசத்தில் கிடங்கு வேலைக்குப் போனான். அவர் கண் மூடும்வரை அவனுக்குத் திரும்பி வர வாய்க்கவில்லை. அவன் கிளம்பிய அன்று வழியனுப்ப பஸ் நிலையத்துக்கு அவளும் அவரும்தான் போனார்கள்.

"நீங்க கெளம்புங்க மாமா, மழை வருது."

"நீ போ மாப்ள. பஸ் வளைவு திரும்புற வரைக்கும் உன்னப் பாத்துக்கிட்டே நிக்கிறேன்."