எண் எழுதிய சவுக்கு மரங்கள்

பட்டினச்சேரிச் சவுக்குத் தோப்பைப் பற்றி வகுப்பில் பெருமையாகப் பேசியவன் நான்தான். தருமபுரத்துக்காரனான எனக்கு அது பக்கத்து ஊர். அதைக் கேட்டுவிட்டு, மேற்கு மலைப்பக்கத்திலிருந்து வனவியல் முதுகலை படிக்க வந்திருந்த என் வகுப்புத் தோழி, தானும் அங்கேயே ஆய்வு செய்யப்போவதாகச் சொன்னாள். எங்கள் பேராசிரியரிடம் முனைவர் பட்டத்துக்கு ஓரிடம்தான் இருந்தது. யாருடைய தரவு பழுதில்லாமல் வருகிறதோ, இடம் அவருக்கு என்று அவர் முன்பே சொல்லியிருந்தார்.

தோப்பின் வடபாதி எனக்கு, தென்பாதி அவளுக்கு. மாதந்தோறும் மரத்தடியில் உதிரும் சருகை எடைபோட வேண்டும். நான் முதல் நாளே என் மரங்களில் வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதி முடித்தேன். அவளோ கருவாடு காயப்போடும் பெண்களோடு இரண்டு நாள் பேசிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பின்தங்கிவிட்டாள் என்று உள்ளூர மகிழ்ந்தேன். மூன்றாம் நாள், அவர்கள் கொடுத்த பச்சை வலைக்கயிற்றைத் துண்டு துண்டாக நறுக்கித் தன் மரங்களில் கட்டினாள்.

அடுத்த மாதம் போனபோது என் மரங்களின் கீழ்க்கிளைகள் ஒன்றுகூட இல்லை. இனி அந்த மரங்களின் சருகை எடைபோட்டுப் பயனில்லை.

“யாருங்க வெட்டினது?”

“நாங்கதான் தம்பி,” என்றார் விறகு கட்டிக்கொண்டிருந்த பெண். “நம்பர் போட்டா ஏலம் விட்டாச்சுன்னுதானே அர்த்தம்? கான்ட்ராக்டர் வந்துட்டா ஒரு குச்சி எடுக்க விடுவானா?”

ஏலம் போன மரத்துக்குத்தான் அங்கே எண் போடுவார்கள். பக்கத்து ஊர்க்காரனான எனக்கு அது தெரியவில்லை.

அவர் அரிவாளால் தென்பாதியைக் காட்டினார். “அந்தக் கயிறு கட்டுன மரமும் போவப்போவுதா?”

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். கடற்காற்றிலிருந்து அவர்கள் வீடுகளைக் காப்பது அந்தத் தோப்புதான் என்று ஆய்வேட்டின் முதல் இயலில் நானே எழுதியிருந்தேன். ஆனால் அவளுடைய மரங்களும் மொட்டையானால் நாங்கள் சமம். குறிப்பேட்டைப் புரட்டியபடி நின்றேன்.

அருகில் இருந்த இன்னொரு பெண் சிரித்தார். “ஏன்டி, நீ அன்னைக்கு இல்லியா? அதுல கை வச்சிடாதீங்கக்கான்னு அந்தப் பாப்பா கயிறு கட்டுன அன்னைக்கே சொல்லிச்சே. இந்தத் தம்பியும் வாயத் தொறந்திருந்தா நாம வெட்டுவமா?”

நான் குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்தேன்.

தரவு இழப்புக்குக் காரணமாக ‘மனித இடையூறு’ என்று ஆய்வேட்டில் எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, ஊராரிடம் கேட்காமல் நான் எழுதிய எண்களே காரணம் என்று எழுதினேன். அந்த நேர்மையைப் பேராசிரியர் பாராட்டினார். இடத்தை அவளுக்குக் கொடுத்தார்.

இப்போதும் பட்டினச்சேரிப் பக்கம் போனால் அந்தப் பெண்கள் என்னை நிறுத்தி, “அந்தப் பாப்பா எப்ப வரும் தம்பி?” என்று கேட்கிறார்கள். போன வாரமும் கேட்டார்கள். திங்கட்கிழமை வருவதாக அவள் அனுப்பிய செய்தி என் கைபேசியில் இருந்தது.

தெரியாதுங்க என்றேன்.