ஐடெல்லா காட்டிய முயல்கள்

எங்கள் ஊரில் முயல் பிடிக்கத் தெரியாத ஆண்பிள்ளை ஒரே ஒருத்தன்தான். பெயர் ஆல்டன். அந்த மகானுபாவன் சாட்சாத் நானேதான்.

ஓகிச்சோபி ஏரியின் தென்கரையில் திரும்பிய பக்கமெல்லாம் கரும்பு. அறுவடைக்கு முன்னால் தோகையைக் கொளுத்துவார்கள். கரிச்சாம்பல் ஊர்மேல் கொட்டும், கொடியில் காயும் துணியெல்லாம் பாழாகும். ஆனால் தீக்குப் பயந்து முயல்கள் தெறித்து வெளியே ஓடிவரும். ஊர்ப் பிள்ளைகள் வெறுங்கையாலேயே துரத்திப் பிடிப்பார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வீடு முயல்கறி பொரியும். எங்கள் வீட்டில் மட்டும் பீன்ஸ் வேகும். நான் துரத்தியதெல்லாம் புகையைத்தான்.

ஒருதடவை கறுப்பாக ஒன்று ஓடியது. விடுவேனா? பின்னாலேயே ஓடினேன். வெள்ளைவால் முயல் என்றால் வளைந்து வளைந்து திடலைப் பார்த்து ஓடும். இது சதுப்பு முயல். நேரே போய் வாய்க்காலில் குதித்து ஜோராக நீந்தியது. இந்த வித்தியாசமெல்லாம் எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் மகா வீரனாயிற்றே, கூடவே குதித்தேன். எனக்கு நீச்சல் தெரியாது.

சட்டைக் காலரைப் பிடித்து என்னைக் கரைக்கு இழுத்துப் போட்டவள் ஐடெல்லா. அவள் பிடித்த முயல்கள் அவள் இடுப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஏம்ப்பா, முயலே நீந்துது, உனக்கென்ன கேடு?" என்றாள்.

அவளைத்தான் பிறகு கட்டிக்கொண்டேன். வெட்கம் கெட்ட ஜென்மம்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனாள். சட்டென்று நின்று கையை நீட்டினாள்.

"அதோ, கோரைக்கு இந்தப் பக்கம். காது குட்டையா இருக்கு பாரு. வாலுக்கு அடியில வெள்ளையே இல்ல. குதிக்காம எலி மாதிரி நடக்குது பாத்தியா? அதான் சதுப்பு முயல். தெரியுதா?"

எனக்குக் கோரை தெரிந்தது. தண்ணீர் தெரிந்தது. அவள் விரல் ரொம்ப அழகாகத் தெரிந்தது.

"ஆமா ஆமா, நல்லாத் தெரியுது" என்றேன்.

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து அவள் காட்டக் காட்ட நான் தலையாட்டினேன். காய்கறிக் கிடங்கில் ஓடும் கன்வேயர் பட்டையில் சொத்தை பீன்ஸ் பொறுக்கியே காலம் தள்ளியவன் நான். அவ்வளவு கூரான கண், புல்லைக் கண்டால் மட்டும் மக்கர் பண்ணும். பொறுமை கிடையாது, அதுதான் காரணம். கொஞ்சநேரம் பார்ப்பேன், எரிச்சல் வரும், ஆமா என்று சொல்லிவிடுவேன். அதோடு நிறுத்தினேனா? முடிவெட்டும் கடையில் போய் உட்கார்ந்துகொண்டு அளப்பேன்.

"அண்ணே, இன்னைக்கு என்ன முயல் பாத்தீங்க?" என்று கடைக்காரன் பெர்னல் கண்ணாடியில் கண்ணடிப்பான்.

"சதுப்பு முயல். காது இவ்வளவு நீளம்" என்று முழங்கையைக் காட்டுவேன். கடையே சிரிக்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது எனக்கு வெகுகாலம் புரியவில்லை.

இப்படியே இருவருக்கும் தலை நரைத்துப்போனது. போன மாதம் கிளினிக்கில் ஐடெல்லாவின் கண்ணைச் சோதித்த டாக்டரம்மா, என்னையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். கண்ணில் அழுத்தம் ஏறிவிட்டதாம். போன பார்வை போனதுதான், சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் அதுவும் போய்விடும் என்றார்.

ஐடெல்லாவுக்கு மூக்குக்குமேல் கோபம் வந்துவிட்டது. "எனக்கா பார்வை இல்ல? கரையில நின்னுக்கிட்டே முயல் வால் வெள்ளையா இல்லையான்னு சொல்றவ நான். நேத்துக்கூடக் காட்டினேனே, இந்தாளைக் கேளுங்க!"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

"ஆமா, காட்டினா. நானும் பாத்தேன்" என்றேன். வாய் பழகிவிட்டதே, என்ன செய்ய?

வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். அவள் பார்க்கிறாள் என்பதற்கு நான் சாட்சி. நல்ல சாட்சி! ராத்திரியெல்லாம் புரண்டு படுத்தேன்.

மறுநாள் காலையில் இருவரும் கரைக்குப் போனோம். அவள் வழக்கமான பாறையில் உட்கார்ந்தாள். கொஞ்சநேரத்தில் கை நீண்டது.

"அதோ, உட்கார்ந்திருக்கான் பாரு. சதுப்பு முயல்தான்."

முதல்முறையாக நான் ஆமா என்று சொல்லவில்லை. அவள் காட்டிய இடத்துக்கே நடந்து போனேன். அங்கே கிடந்தது ஒரு கிழிந்த டயர்த் துண்டு. அப்போதாவது உறைத்ததா எனக்கு? 'நீ எப்பவும்போலத் தப்பான இடத்தைப் பார்க்கிறாய், மடையா' என்று என்னையே திட்டிக்கொண்டு திரும்பினேன்.

திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டேன். ஐடெல்லாவின் காலுக்குப் பக்கத்தில் கோரை விலகியது. கரும்பழுப்பாக ஒன்று வெளியே வந்தது. குதிக்கவில்லை. நான்கு காலையும் மாற்றி மாற்றி வைத்து நடந்தது. ஐயோ, முயல்! என் வாழ்நாளில் கோரைக்குள் நானாகக் கண்டுபிடித்த முதல் முயல்!

"ஐடெல்லா, அசையாத" என்றேன், குரலை அடக்கிக்கொண்டு. "முயல்! பாரு, பாரு!"

அவள் தலையைத் தூக்கி ஏரியைப் பார்த்தாள். முகம் நிறையச் சிரித்தாள்.

"ஆமா ஆமா, நல்லாத் தெரியுது" என்றாள்.

அந்தக் குரலை இந்த உலகத்தில் என்னைவிட நன்றாக அறிந்தவன் யார்? முயல் கலைந்துவிடாமல் மெல்ல நடந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எவ்வளவு நாளா ஐடெல்லா?"

"போன கரும்பு எரிப்புலேர்ந்து. நேரா நிக்கிற ஆளு தெரியும். காலடியில எல்லாம் பொகை" என்றாள்.

"அப்புறமும் தினம் காட்டினியே!"

"நீதான் எதைக் காட்டினாலும் ஆமாங்கிற ஆளாச்சே. உன்கிட்ட காட்டுறதுல என்ன பயம்?"

சுருக்கென்றது. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே.

"எங்கம்மாவுக்குக் கண்ணுல கத்தி வெச்சாங்க. அன்னைக்கே இருட்டிப்போச்சு அவளுக்கு" என்றாள். அவள் கை என் முழங்கையைத் தேடிப் பிடித்தது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் தைரியம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? என் வார்த்தையை யார் நம்புவது?

"ஆல்டன், நெசமாவே முயல் இருக்கா? இல்ல வழக்கம்போல விடுறியா?"

"சத்தியமா இருக்கு. உன் வலது செருப்புக்குப் பக்கத்துல. புல்லு தின்னுது."

"காது?"

"குட்டை. பிடரியில கொஞ்சம் செவப்பு அடிக்குது."

"வால்? அடியில வெள்ளை இருக்கா?"

எட்டி எட்டிப் பார்த்தேன். "தெரியல ஐடெல்லா. நம்ம பக்கமே மூஞ்சியைக் காட்டிக்கிட்டிருக்கு. திரும்பினாத்தான் சொல்ல முடியும்."

அவள் பெருமூச்சு விட்டாள். கண்ணில் தண்ணீர் தளும்ப, உதட்டில் சிரிப்பு வந்தது.

"தெரியலன்னு சொல்ல இவ்வளவு காலமாச்சா உனக்கு!" என்றாள். வலது காலை இம்மிகூட அசைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "சரி, அது போனதும் சொல்லு. டாக்டரம்மாவுக்கு ஃபோன் பண்ணணும்."