யோகத்தின் பெயரில் ஒரு புலம்பல்

போன ஞாயிறு சரவணை ஊரில் ஓர் அந்தியேட்டிக்குப் போயிருந்தேன். ஆள் செத்த முப்பத்தோராம் நாள். காலையில் கடற்கரையில் கடமை கழித்து, மத்தியானம் வீட்டில் படையல், சாப்பாடு. நடுவில் கல்வெட்டு வாசிப்பு.

வெளியூர் வாசகர்கள் கல்லைத் தேட வேண்டாம். எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்றால் செத்தவரின் நினைவாக அச்சடிக்கிற சின்னப் புத்தகம். முன்னால் படம், பிறகு வம்சாவளி, பிறகு புலம்பல்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல்... எல்லாம் பாட்டில். அழுகிறவர்கள் அதை எழுதுவதில்லை. அதற்கென்று ஊரில் ஒரு புலவர் இருப்பார். மனைவி எப்படி அழவேண்டும் என்பது அவருக்குத்தானே தெரியும்?

இந்த வீட்டு மனைவி யோகம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். என் வகுப்புக்கு வருகிறவர்.

என்ன வகுப்பு? தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றபின், புதன்கிழமைகளில் சனசமூக நிலையத்தில் பெண்களைக் கூட்டிவைத்து எழுதச் சொல்கிறேன். கவிதையோ, கதையோ, மனதில் கிடப்பது எதுவோ. கொழும்பிலிருந்து வந்தவர்கள் பயிற்சி தந்து, 'எழுத்தால் ஆற்றுப்படுத்தல்' என்று பெயரும் வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளதை எழுதினால் மனம் ஆறும் என்றார்கள். ஆறுகிறதுதான், பொய் சொல்லக்கூடாது. எழுதியதை யார் கையில் கொடுக்கலாம் என்பதைத்தான் சொல்லித்தராமல் போய்விட்டார்கள்.

யோகம் மாதக்கணக்காக ஒரு வரிகூட எழுதாதவர். மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு மூலையில் இருப்பார். புருஷன் செத்து இரண்டாம் வாரம் நான் வீட்டுக்குப் போனபோது, குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்.

"நீங்கள் இருமினால் எழும்புவன்.
கத்தினால் குசினிக்குள்ளை நிப்பன்.
இப்ப வீடு சத்தமில்லை.
நான் எங்கை நிக்கிறது எண்டு தெரியேல்லை."

வாசித்துவிட்டு மறுபடியும் முதல் வரியிலிருந்து வாசித்தேன். இத்தனை வருஷம் படிப்பித்ததில் இப்படி நாலு வரி என் கைக்கு வந்ததில்லை.

"டீச்சர், கல்வெட்டிலை என்ர பேருக்குக் கீழை இதைப் போடச் சொல்லுறியளோ? நான் சொன்னா எடுபடாது" என்றார்.

கேட்டது இவ்வளவுதான். தன் புலம்பல் தன்னுடையதாக இருக்கவேண்டும்.

கல்வெட்டு வேலை எல்லாம் செத்தவரின் தம்பி சிவம் கையில். கனடாவிலிருந்து வந்து நிற்கிறார். தாளை வாங்கி வாசித்தார். முகம் மாறியது.

"டீச்சர், குறை நினைக்காதேங்கோ. அண்ணை கத்திறவர் எண்டு அச்சடிச்சு ஊருக்குக் குடுக்க ஏலுமோ?"

"கத்தினவர்தானே?"

"கத்தினவர்தான். ஆர் இல்லையெண்டது? அதுக்காக?"

நான் விடவில்லை. அரை மணித்தியாலம் கதைத்தேன். கடைசியில், "ஓம் ஓம், போடுவம். பிழையிருந்தால் திருத்தித் தாங்கோவன்" என்றார்.

"திருத்த ஒண்டுமில்லை. அப்பிடியே போடும்" என்று சொல்லிவிட்டு, வெற்றியோடு பஸ் ஏறினேன். எனக்கென்று ஒரு மடத்தனம்!

ஞாயிறன்று பந்தலில் புலவர் எழும்பினார். நல்ல குரல். மனைவி புலம்பல் வந்தது.

"கட்டிய நாள்முதலாய்க் கண்ணை இமைபோலக்
கடுஞ்சொல் ஒன்றறியாக் காவலனே எங்கு சென்றாய்..."

கடுஞ்சொல் அறியாதவராம்! பந்தலில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். யோகம் அசையாமல் இருந்தார். எனக்குப் பின்னால் ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது.

"பாரன், தன்ர புலம்பலுக்கே அழேல்லை. என்ன நெஞ்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவீட்டில் சண்டை பிடிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொன்னால் நொள்ளைக் கண்ணிக்கு நோப்பாளம், கோபம் வந்துவிடும் என்பார்கள். இங்கே ஊர் முழுக்க நொள்ளைக் கண். கண்ணீர் வேண்டும், ஆனால் அது விருத்தப்பாவில் வரவேண்டும்.

சாப்பாடு முடிந்து சிவத்தைத் தேடினேன். அவரே சிரித்தபடி வந்தார்.

"டீச்சர், கடைசிப் பக்கம் பாத்தனீங்களோ? உங்களை மறக்கேல்லை."

கடைசிப் பக்கம் நன்றி நவிலல். பந்தல்காரர், சமையல்காரர், அச்சகத்தார்... அதற்குக் கீழே, 'மனைவி புலம்பலைத் திருத்தி மெருகூட்டித் தந்த ஆசிரியை அவர்கட்கும்' என்று என் முழுப்பெயர். கேலியில்லை. வீட்டுப்படி ஏறி வந்து கதைத்த ஒருவருக்குச் செய்யவேண்டிய மரியாதையாம். இந்த மனுசனை எப்படி ஏசுவது?

யோகம் அதை எனக்கு முதலே பார்த்திருந்தார். பக்கத்தில் போய் இருந்தேன்.

"டீச்சர், நீங்களும் சேந்தோ எழுதினனீங்கள்?"

"இல்லை யோகம். சத்தியமா இல்லை."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் பெயர் அச்சில் கிடக்கிறது. வாய்ச் சத்தியம் அதற்கு முன்னால் எங்கே நிற்கும்? புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"பரவாயில்லை டீச்சர். பாட்டு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

உண்மையை எழுத அவருக்கு மாதக்கணக்காகப் பிடித்தது. அவரைப் பொய் சொல்லப் பழக்க எங்களுக்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது.