முட்டுகிற மாடு என்று சொன்ன பிறகு

காமயகவுண்டன்பட்டி ஜோயலுக்குப் படிப்பென்றால் பித்து. பகலில் திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்தடிப்பான்; மிச்ச நேரத்தில் அஞ்சல் வழியில் இறையியல் படிப்பான். நாற்பத்தாறு வயதில் எதற்கு இந்த வேண்டாத வேலை என்று ஊர் சிரித்தது. பாஸ்டர் வராத ஞாயிறுகளில் இவன்தான் பிரசங்கம் செய்வான்; முடிக்கத்தான் தெரியாது. இன்னொரு பித்து செவலைக் காளை. ஜல்லிக்கட்டில் யார் கையிலும் பிடிபடாத காளைக்குச் சொந்தக்காரன் என்பது அவன் நடையிலேயே தெரியும்.

அந்தச் செவலைதான் பொங்கல் கழிந்த மறுவாரம் கயிற்றை அறுத்துக்கொண்டு சந்துக்குள் ஓடியது. டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த பக்கத்து வீட்டுத் தங்கபாண்டியைச் சுவரோடு வைத்துக் குத்தியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

போலீஸ் வந்து விசாரித்து, விபத்து என்று எழுதிக்கொண்டு போனது. வாயில்லாச் சீவன், அதுக்கு என்ன தெரியும் என்று ஊரும் சொல்லிவிட்டது. தங்கபாண்டியின் மனைவி நதியாகூட ஜோயலை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

ஊருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. சாவதற்கு நான்கு நாள் முன்பு தங்கபாண்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னான்: "ஏலே ஜோயலு, உம் மாடு ஆளப் பாத்தாலே தலையச் சாய்க்குதுடா. நேத்து எம் மேலயே பாஞ்சுருச்சு. சங்கிலியப் போட்டுக் கட்டு. இல்லேன்னா கொம்பு நுனிய அறுத்து விடு."

கொம்பறுத்த காளைக்கு வாடிவாசலில் என்ன மரியாதை? ஜோயல் சிரித்து மழுப்பிவிட்டான். சங்கிலியும் வாங்கவில்லை.

வைகாசியில் கட்டுரைத் தலைப்பு தபாலில் வந்தது. பைபிளில் வரும் மோசேயின் சட்டத்தையும் பாபிலோன் அரசன் ஹம்முராபியின் சட்டத்தையும் ஒப்பிட வேண்டும். எடுத்துக்காட்டு, முட்டுகிற மாடு. கடவுளுக்குக்கூட இவ்வளவு குறும்பு ஆகாது.

வாசித்தான். பாபிலோனில், தெருவில் போகிற மாடு ஆளைக் கொன்றால் வழக்கே கிடையாது. முட்டுகிற மாடு என்று முன்பே சொல்லியும் கட்டாமல் விட்டிருந்தால், உடையவன் வெள்ளியை நிறுத்துக் கொடுக்க வேண்டும், அதோடு தீர்ந்தது. மோசேயின் சட்டத்தில் மாட்டையே கல்லெறிந்து கொல்ல வேண்டும். சொல்லியும் கேட்காத உடையவன் என்றால் அவனும் சாக வேண்டும். இல்லாவிட்டால் செத்தவன் வீட்டார் கேட்டதைக் கொடுத்துத் தன் உயிரை மீட்டுக்கொள்ளலாம். இரண்டு சட்டமும் அவனைக் கேட்டது ஒரே கேள்விதான்: உனக்கு முன்பே சொன்னார்களா?

பேனா அங்கேயே நின்றது. சோறு இறங்கவில்லை. செவலை இப்போது இரண்டு சங்கிலியில் நின்றது, எல்லாம் முடிந்த பிறகு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த வேலி; வேலிக்கு அந்தப் பக்கம் நதியா. கண்ணில் படும்போதெல்லாம், "சாப்பிட்டீகளாண்ணே?" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவன் தினம் செத்துப் பிழைத்தான்.

கட்டுரை அனுப்ப இரண்டு நாள் இருக்கையில், காலையில் வேலியோரம் போனான். நதியா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, தங்கபாண்டி எங்கிட்ட முன்னாடியே சொன்னான். மாட்டக் கட்டச் சொன்னான். நாந்தான் கேக்கல."

அவள் சேலையை உதறிக் கொடியில் போட்டாள். "தெரியும்ணே. அன்னைக்கு வீட்டுக்குள்ள வந்ததுமே சொன்னாக. 'ஜோயலுகிட்டச் சொல்லிட்டேன், அவன் படிச்சவன், பாத்துக்குவான்'னு சொன்னாக. நீங்களா எப்பச் சொல்லுவீகன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"போலீஸ்ல சொல்லு ஆத்தா. இல்லேன்னா என்ன வேணும்னு கேளு. என் நெலத்தக் கேட்டாலும் தர்றேன்."

"எனக்கு ஒண்ணும் வேணாம்ணே. நான் வாங்கிட்டா உங்களுக்குத் தீந்துரும்."

காலி வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். வாசலில் நின்று திரும்பி, எப்போதும் போலவே கேட்டாள்: "சாப்பிட்டீகளாண்ணே?"