காத்தவராயன் ஊதிப் பார்க்கும் செம்புக் குழாய்

ஒரு முனையை வாயில் கவ்வி, மறுமுனையைக் கட்டைவிரலால் அடைத்து, கன்னம் இரண்டும் உப்ப ஊதுகிறார் காத்தவராயன். காற்று எங்கும் கசியவில்லை. அடுத்து குழாயை முழங்காலில் வைத்து வளைக்கிறார்.

"வாங்கறதுக்கு முன்னாடியே வளைக்கிறியே பெரியவரே!" என்று பதறுகிறார் சிதம்பரம் மேலவீதிக் கடைக்காரர்.

"வளையலன்னா அது செம்பா, செங்கல்லா?"

கடலூர் முதுநகரில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் பழுது பார்ப்பவர் அவர். டீசல் போகிற செம்புக் குழாய் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதியே எடுப்பார். டீசலைத் துப்பிவிட்டு அதே வாயில் வெற்றிலையும் போட்டுக்கொள்வார்.

இப்போது குழாய் தேடுவது படகுக்கு அல்ல, பேத்திக்கு. மருமகள் திலகவதிக்குச் சிதம்பரத்தில் தாய்வீட்டில் பிரசவமாகியிருக்கிறது. ஐந்தாம் மாதம் பிள்ளையை முதுநகருக்கு அழைத்து வர வேண்டும். அங்கே குளியலறையின் பழைய இரும்புக் குழாய் துருவேறி, தண்ணீர் டீ நிறத்தில் விழுகிறது.

"தண்ணி நல்லா வரட்டும் மாமா, அப்பறம் தூக்கிட்டு வர்றேன். பச்ச ஒடம்பு பாருங்க" என்று சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பிளம்பர் சார்லஸ் பிளாஸ்டிக் போடலாம் என்றான். "ஒரே நாள்ல முடிச்சுடலாம் மாமா."

"போடா மாப்ள. சாமிக்குத் தண்ணி பிளாஸ்டிக் குடத்துலயா வெக்கிறோம்? போட்ல எல்லாம் இத்துப்போவுது, செம்பு நிக்குது. எம் பேத்திக்கு செம்புதான்."

வளைத்துப் பார்த்த குழாயையே சுருளாக வாங்கினார். பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு, கொலுசு வாங்கியவர் போலப் பக்கத்து இருக்கைக்காரரிடம் காட்டினார். சார்லஸ் வருவதற்குள், மேல் தொட்டியிலிருந்து குளியலறை வரை ஒரு இணைப்புகூட இல்லாமல் தானே பொருத்தியும் விட்டார். திறந்தால் தண்ணீர் கண்ணாடி போல வந்தது. ஆனால் தையல் நூல் பருமனில் வந்தது.

சார்லஸ் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து சிரித்தான். "இது டீசல் போற சைஸு மாமா! பக்கெட்டு ரொம்பறதுக்குள்ள ஒம் பேத்தி பள்ளிக்கூடம் போயிடுவா."

"சிரிச்சது போதும், எந்திரி. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மறுபடி சிதம்பரம். முதலில் பேத்தியைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்கே போனார். இந்த முறை ஊதவில்லை. கட்டைவிரலை நுழைத்துப் பார்த்தார். விரல் தாராளமாகப் போகிற குழாய்தான் வேண்டும் என்றார். வளையாத, கனமான, நீட்டுக் குழாய்கள். சார்லஸ் திருப்பத்துக்குத் திருப்பம் நெருப்பு காட்டி ஒட்டினான். சுவரை வெட்டி உள்ளே புதைக்கப் போனவனை இவர் விடவில்லை.

"வெளியவே ஓடட்டும். உள்ள வெச்சிட்டா புளி போட்டு எப்டிடா தேய்க்கிறது?"

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் செம்புக் குடத்தோடு குழாய்க்கும் புளி உண்டு. ஏணி போட்டு ஏறித் தேய்க்கிறார்.

திலகவதி வந்த அன்று, குழாயைத் திறந்து வெள்ளைப் பேசினில் தண்ணீர் பிடித்தாள். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். காத்தவராயன் வாசற்படியில் வெற்றிலையை மெல்லாமல் அடக்கிக்கொண்டு நின்றார். அவள் பிள்ளையின் சட்டையைக் கழற்றத் தொடங்கினாள்.

குளிப்பாட்டித் துவட்டியதும் பிள்ளையை அவரிடம் நீட்டினாள். "உச்சியில ஊதி உடுங்க மாமா. ஒங்களவிட ஊதத் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க?"

அவர் ஓடிப்போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்தி, உதட்டைக் குவித்தார். கன்னம் உப்பவில்லை. ஈர முடி ஒன்றுகூட அசையாதபடி ஊதினார்.