கண்ணுள்ள தேங்காய்

செல்லத்தாய் அருமனைக்கு வாக்கப்பட்டு வந்த நாள் முதல் ஓலை முடைந்தாள். ஊறிய தென்னோலையில் விரல்கள் தாமாக ஓடும், கண்ணுக்கு வேலையில்லை. அதனால் அவள் கண் பெரும்பாலும் மேலேதான் இருந்தது. பக்கத்துத் தென்னந்தோப்பு முத்துநாயகத்தின் விளை. அங்கிருந்து ஒரு தென்னை வேலி தாண்டிச் சாய்ந்து, அவள் முற்றத்துக்கு மேல் குலையோடு தொங்கியது.

அப்படிச் சாய்கிற மரத்தை வடம் போட்டு எதிர்ப்பக்கத்து மரத்தோடு இழுத்துக் கட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். ஆவணியில் தேங்காய் வெட்டுக்கு முத்துநாயகம் வந்தபோது அவள் வேலியோரம் போய் நின்றாள்.

"மொதலாளி, இந்தத் தெங்கை ஒண்ணு இழுத்துக் கெட்டப்பிடாதா? ஆளு நடமாடுத எடமாக்கும்."

"ஏட்டி, தேங்காய்க்குக் கண்ணு மூணு. பாத்துத்தான் விழும். ஆருக்க தலையில விழுந்து நீ கண்டே?"

மரமேறி இசக்கி வெட்டுகத்தியை இடுப்பில் சொருகியபடி சொன்னான்: "எனக்க தலையிலயே விழல்ல அக்கா. நானாக்கும் அதுக்கு முதல் எதிரி."

செல்லத்தாயும் சிரித்துவிட்டாள். அவளுக்கும் அந்த நம்பிக்கை உண்டு. தேங்காய் நல்லவன் மேல் விழாது. பெரும்பாவம் செய்தவன் மேல்தான் விழும்.

ஐப்பசிக் காற்றில் அந்த மரத்துத் தேங்காய் ஒன்று அவள் கணவர் தாணுலிங்கத்தின் தலையில் விழுந்தது. சந்தை சந்தையாகக் கருப்பட்டி சுமந்து விற்று அவளுக்குக் கஞ்சி ஊற்றிய மனிதர். உயிர் போகவில்லை. வலக்கை தொங்கிற்று, வாய் கோணிற்று, பேச்சு போயிற்று.

ஊரே வந்து பார்த்தது. மரத்தை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. படுத்துக் கிடந்தவரைத்தான் பார்த்தார்கள். "சந்தைக்குப் போறவன் அங்கங்க தங்கவும் செய்வாம்லா," என்றாள் பக்கத்து வீட்டுத் தாணம்மாள், செல்லத்தாயின் காதில் விழும்படி.

முத்துநாயகம் ஒரு குலை இளநீரோடு வந்தார். "பாவம், குடு. நமக்கும் தயவு உண்டு."

"கெட்டச் சொன்னேனே மொதலாளி."

"சொன்னியா? எப்போ? நான் என்ன, பறிச்சா எறிஞ்சேன்?"

முதல் பொதுத்தேர்தலுக்கு ஊரெல்லாம் கொடி கட்டியிருந்த மார்கழியில், அவள் குழித்துறைக்கு நடந்து, தேவகுமார் என்ற புது வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அயல்காரனுக்குக் கேடு வரும்ணு தெரிஞ்சா அதைத் தடுக்கது மரத்துக்காரனுக்க கடமை. உனக்க மாப்பிள நல்லவனா கெட்டவனாங்கது இங்க கேள்வியே இல்ல."

"அதை ஒண்ணுகூடச் சொல்லுங்கையா."

அவர் திரும்பச் சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தயவு என்றால் அவளுக்குத் தெரியும். அது கேட்டு வாங்குவது. கேளாமலே ஒருவன் இன்னொருவனுக்குச் செய்தாக வேண்டியது ஒன்று உண்டு என்பதை அன்றுதான் கேட்டாள்.

"ஆனா நீ முன்கூட்டியே சொன்னதுக்குச் சாட்சி வேணும்."

"இசக்கி நின்னான்."

ஊர் திரும்பி அவள் தேடிப் போனபோது, இசக்கி மரத்திலிருந்து இறங்கிவந்து காலில் கட்டிய தளையை அவிழ்த்தான். வெகுநேரம் அவிழ்த்தான்.

"எனக்கு நெனவில்ல அக்கா."

"சிரிச்சியேலே."

"அவரு விளைய விட்டா நான் எங்க போயி ஏற?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "நான் கூண்டில ஏறிச் சொன்னாலும், காயி சும்மாவா விழுந்திருக்கும்? அத்தானுக்குத் தெரியாதா?"

அவள் மறுபடி குழித்துறைக்குப் போனாள். சாட்சியில்லாத வழக்கு நிற்காது என்று தேவகுமார் சொன்னார். சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் 'கேள்வியே இல்ல' என்ற வார்த்தையை அவள் திரும்பும் வழிநெடுக வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். குழித்துறையில் அது கனமாக இருந்தது. அருமனை நெருங்க நெருங்க அது யாரோ படித்தவர் சொன்ன பேச்சாகிவிட்டது. இங்கே அதைச் சொல்ல அவள் ஒருத்திதான் இருந்தாள்.

வீட்டில் கணவரைச் சாய்த்து உட்காரவைத்துக் கஞ்சி புகட்டினாள். கடைவாயில் வழிந்ததைத் துடைத்தாள். கரண்டி பாதியில் நின்றது.

"நீங்க அப்பிடி என்ன செய்துபோட்டிய?"

அவர் கண் விரிந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இடக்கையைத் தூக்கி ஆட்டினார். இல்லை என்கிறாரா, கேட்காதே என்கிறாரா, அவளுக்குத் தெரியவில்லை.

"எனக்கிட்டயாவது சொல்லுங்க," என்றாள்.